தழும்பின் மேல் நஞ்சுக்கொடி

முதல் பிரசவம் சிசேரியன் ஆனவர் மறுபடி கருவுற்றால், ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்ததும் எல்லாரும் குழந்தையின் எடையைத்தான் விசாரிக்கிறார்கள். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பதல்லவா முதல் கேள்வி? அது கருப்பை வாயை மறைத்து, பழைய தழும்பின் மேல் படிந்திருந்தால், தசைக்குள்ளேயே ஊடுருவியிருக்கலாம். சிலருக்குச் சிறுநீர்ப்பை வரைகூட. நஞ்சுக்கொடி இப்படி வாயை மறைத்திருக்கும்போது, முன்பு ஒரு சிசேரியன் ஆனவருக்கு இந்த அபாயம் 11 சதவீதம், இரண்டு ஆனவருக்கு 40 என்றது 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு. தமிழகப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன் என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. அப்புறம் நஞ்சுக்கொடி இப்படி ஊடுருவுவதை அபூர்வம் என்று எப்படி ஒதுக்குவது? கலர் டாப்ளர் ஸ்கேனில் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரிந்தால் 34, 35ஆவது வாரத்திலேயே, ரத்தமும் அனுபவமுள்ள குழுவும் தயாராக இருக்கும் பெரிய மருத்துவமனையில் அறுவை. நஞ்சுக்கொடியைப் பிய்க்காமல், பல நேரம் கருப்பையோடு சேர்த்தே எடுப்பார்கள். தெரியாமல் இழுத்தால் நிமிடங்களில் லிட்டர் கணக்கில் ரத்தம் போகும். முதல் சிசேரியனின் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே ‘அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் இடம் பார்க்கவும்’ என்று ஒரு வரி அச்சடிக்கலாம். காசா, பணமா?