ஒரு நர்ஸுக்கு எத்தனை குழந்தைகள்? என்.ஐ.சி.யூ. பாதுகாப்பு இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது

2021 ஜனவரி 9, அதிகாலை. மகாராஷ்டிராவின் பண்டாரா மாவட்ட அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பிரிவில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 17 குழந்தைகளில் 10 பேர் இறந்துபோனார்கள். கதவைத் திறந்து புகையை முதலில் பார்த்தது பணியில் இருந்த செவிலியர்தான். அடுத்த மாதம் போலீஸ் வழக்குப் பதிந்ததோ இரண்டு செவிலியர்கள் மீது. குழந்தைகளைத் தனியே விட்டுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. இரண்டு பேருமே ஒப்பந்தப் பணியாளர்கள். வேலை அதற்கு முன்பே போய்விட்டது.

கவனக்குறைவுன்னா தண்டிக்கத்தானே வேணும் என்று தோன்றும். நியாயம்தான். ஆனால் அந்த வார்டில் ஒரு இரவு ஷிஃப்ட் எப்படி நடக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு அதைக் கேட்போம்.

மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கும் எஸ்.என்.சி.யூ. எனப்படும் சிறப்புப் பிரிவுகளுக்கு மத்திய அரசு 2011-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் 3 அல்லது 4 குழந்தைக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை என்றால் இன்னும் கூடுதல் கவனிப்பு. பிரிட்டனில் தீவிர சிகிச்சையில் உள்ள ஒரு குழந்தைக்கு ஒரு செவிலியர் என்பது அளவுகோல்.

அப்போ 12 படுக்கை உள்ள பிரிவுக்கு ஒரு ஷிஃப்டுக்கு 3 பேராவது வேணும். மூன்று ஷிஃப்ட், வார விடுமுறை, மகப்பேறு விடுப்பு எல்லாம் சேர்த்தால் சுமார் 12 பேர். அந்த 12-ல் நாலு இடம் காலியாக இருந்தால் முதலில் அடிவாங்குவது இரவு ஷிஃப்ட்தான்.

ஒரே ஒரு செவிலியர், 12 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். எடை குறைந்த குழந்தைக்கு 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பால். குழாய் வழியே பால் கொடுத்து, துணி மாற்றி, வெப்பநிலை பார்த்து, கை கழுவி, குறிப்பேட்டில் எழுத 15 நிமிடம் ஆகுமா? 12 குழந்தைக்கு 3 மணி நேரம். அதாவது கடைசிக் குழந்தையிடம் போவதற்குள் முதல் குழந்தையின் அடுத்த பால் நேரம் எப்பவோ தாண்டியிருக்கும். இதில் மூச்சு நின்று அலாரம் அடிக்கும் குழந்தையைச் சேர்க்கவே இல்லை. எதை விடுவார்? பெரும்பாலும் கை கழுவுவதை. அமெரிக்காவில் 67 என்.ஐ.சி.யூ.க்களைப் பார்த்து 2013-ல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டியது: செவிலியர் குறைவாக இருந்த இடங்களில் நோய்த்தொற்று அதிகம்.

புள்ளி நகர்ந்தால்...

மருந்து இன்னும் நுணுக்கமான விஷயம். ஜென்டாமைசின் வயல் ஒன்றில் 2 மில்லிக்கு 80 மில்லிகிராம் மருந்து இருக்கும். பெரியவர்களுக்கான அளவு அது. 1 கிலோ குழந்தைக்கு 5 மில்லிகிராம் எழுதினால் எடுக்க வேண்டியது 0.125 மில்லி. தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் 1.25 மில்லி, 50 மில்லிகிராம். காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடிய மருந்து இது. அதனால்தான் இரண்டு பேர் கணக்கைச் சரிபார்க்கணும் என்பது விதி. அந்த இரண்டாவது ஆள் எங்கே?

ஆக்சிஜனும் அப்படித்தான். குறைந்தால் மூளைக்கு ஆபத்து, குறைமாதக் குழந்தைக்குக் கூடிப்போனால் விழித்திரைக்கு. மானிட்டர் எண்ணைப் பார்த்து அவ்வப்போது திருகிக் குறைப்பது செவிலியரின் கை.

2024 நவம்பர் 15 இரவு உத்தரப் பிரதேசத்தின் ஜான்சி மருத்துவக் கல்லூரி என்.ஐ.சி.யூ.வில் தீ. 18 குழந்தைகளுக்கான இடத்தில் 49 பேர் இருந்ததாகச் செய்திகள் வந்தன. 10 குழந்தைகள் அன்றே இறந்தன. தன் உடையில் தீப்பிடித்த பிறகும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்த செவிலியரை நாடே பாராட்டியது. பண்டாராவில் குற்றவாளி, ஜான்சியில் வீராங்கனை. இரண்டு இடத்திலும் அந்தப் பெண்கள் கையில் இல்லாதது ஒன்றுதான்: எத்தனை குழந்தைகளை உள்ளே சேர்ப்பது, மின் இணைப்பை யார் சோதிப்பது என்ற முடிவு.

தமிழ்நாட்டில் 2015-ல் எம்.ஆர்.பி. தேர்வெழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்களின் தொடக்கச் சம்பளம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள். சம்பளம் 18,000-க்கு வர பல ஆண்டுகள் ஆனது. ஒரு கிராம் குறைந்தாலும் கவனிக்கும் கண் ஒரே மாதத்தில் வந்துவிடாது. பழகிய நர்ஸ் வேலையை விட்டுப் போனால் வார்டு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

நம்ம ஊருக்கு என்ன?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கரையாம்புத்தூரில் ஒரு குழந்தை 32 வாரத்தில் பிறந்தால் போக வேண்டிய இடம் புதுச்சேரிதான்: எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, இல்லையென்றால் கோரிமேடு ஜிப்மர். பாகூர், வில்லியனூர் பக்கத்து ஊர்களுக்கும் இதே கதிதான். சுற்றியுள்ள தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தும் அங்கேயே வருகிறார்கள். ஆகவே படுக்கை எத்தனை என்ற எண் மட்டும் போதாது. நிதிநிலை அறிக்கையில் புதிய வார்மர், புதிய வென்டிலேட்டர் என்று அறிவிப்பு வரும்போது, பக்கத்தில் நிற்க எத்தனை செவிலியர் பணியிடம் என்ற வரியையும் தேடிப் பாருங்கள்.

குழந்தை உள்ளே இருக்கும் அம்மா, அப்பா, பாட்டி தயங்காமல் கேட்கலாம்: "சிஸ்டர், நைட்ல எத்தனை பேர் டியூட்டி? அம்மா நெஞ்சோட அணைச்சு வச்சுக்கலாமா?" கங்காரு முறையில் அணைப்பதைப் பிறந்த உடனேயே தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்திருக்கிறது. அம்மா பக்கத்தில் இருந்தால், குழந்தையின் நிறம் மாறுவதைப் பார்க்க இன்னும் ஒரு ஜோடி கண் கிடைக்கும். அதற்காக நர்ஸ் பணியிடத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது.