சோபாத் துணி விருந்தாளிக்கா, வீட்டு மனுஷருக்கா?

சமையல் குறிப்பு, பிள்ளை வளர்ப்பு, மாமியார் மருமகள் சமாச்சாரம் என்று எத்தனையோ விஷயங்களை இந்தப் பகுதியில் எழுதுகிறோம். நான் இன்றைக்கு சோபாத் துணியைப் பற்றி எழுதுகிறேன். "இதுக்கு ஒரு கடிதமா?" என்று சிரிக்காதீர்கள். நம்மைப் போன்ற குடும்பங்களில் பத்து, பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குகிற பொருள் அது. சீட்டுப் பணமோ, போனஸ் பணமோ மொத்தமாகப் போய் உட்காருகிற இடம். அதில் துணி சரியில்லை என்றால் காசும் போய், வீட்டில் நிம்மதியும் போய்விடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு நாலு தடவை வருகிற விருந்தாளியின் கண்ணுக்காக சோபாத் துணி எடுக்கக் கூடாது. தினமும் அதில் உட்காருகிற வீட்டு மனுஷர்களுக்காகத்தான் எடுக்க வேண்டும். அதைத் துவைக்கப் போகிறவள் யாரோ, அவள் வாயால்தான் "இந்தத் துணி போதும்" என்ற வார்த்தை வர வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சந்தன நிறத்தில் வெல்வெட் சோபா வாங்கினார்கள். பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் அந்த வீட்டு ஆச்சி பிளாஸ்டிக் சேரில்தான் உட்கார்ந்திருப்பார்கள். தலையில் எண்ணெய், வாயில் வெற்றிலை, கறை பட்டுவிடும் என்று பயம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்தாலும் "எந்திரி, எந்திரி" என்று ஒரே சத்தம். மேலே ஒரு பழைய பெட்ஷீட் வேறு எப்போதும் விரித்துக் கிடக்கும். வாசலில் ஆள் சத்தம் கேட்டால் மட்டும் பெட்ஷீட் உள்ளே போகும். எழுபது வயசு மனுஷியை முதுகு சாய விடாத சோபா எதுக்குங்க? அந்த வீட்டு மருமகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கறை பட்டால் மண்டியிட்டுத் தேய்க்க வேண்டியது அவள்தானே! ஆச்சிக்கும் அவளுக்கும் நடுவில் சண்டை மூட்டியது அந்தத் துணிதான்.

என் கதை வேறு. 2011இல் என் கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்தது ஒரு சோபா செட். தேக்குச் சட்டம், மேலே காப்பி நிற ரெக்ஸின். "தோல் மாதிரியே இருக்கும், துடைச்சா போதும், ஆயுசுக்கும் உழைக்கும்" என்று கடையில் சொன்னார்கள். நாலாவது வருஷமே தலை சாய்க்கிற இடத்தில் பொரிப் பொரியாக உரிய ஆரம்பித்துவிட்டது. பிள்ளை தவழ்ந்து வந்து அந்தத் துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். கடையில் போய்க் கேட்டதற்கு, "நீங்க சரியா மெயின்டெய்ன் பண்ணலை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா வாங்கின கடன் அடைவதற்கு முன்னாலேயே சோபா உரிந்துபோனது. அந்த வருத்தத்தில்தான் துணியைப் பற்றி தையல்காரரிடமும், நெசவு தெரிந்தவர்களிடமும் விசாரித்து விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ரெக்ஸின் என்கிறது ஆரம்பத்தில் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி வைத்த பெயர். இன்றைக்கு அந்தப் பெயரில் விற்பது, துணி மேல் பிளாஸ்டிக் பூசின சரக்கு. அதில் இரண்டு வகை உண்டு. பி.வி.சி. பூசினது நாளாக ஆக, அதை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்து வெளியேறி, விறைத்துப்போய் வெடிக்கும். பி.யு. பூசினது தொட மிருதுவாக இருக்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரமே அந்தப் பூச்சைச் சிதைத்துவிடும். நம்முடைய வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். எங்கள் தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். யாரும் உட்காராமல் மூடி வைத்தாலும் உரியத்தான் செய்யும். அப்படியிருக்க, வீட்டுப் பெண் சரியாகப் பராமரிக்கவில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

துணியிலும் எல்லாம் ஒன்றில்லை. வெல்வெட், ஷெனில் மாதிரி ரோமம் வைத்த துணிகள் பளபளப்பாக இருக்கும். ஆனால் மலிவு ரகத்தில், தினமும் உட்காரும் இடத்தில் ரோமம் படுத்து வழுக்கையாகிவிடும். ரேயான் கலந்த துணி பட்டு மாதிரி மினுங்கும். ஆனால் நனைந்தால் அதன் பலம் பெரிதும் குறைந்துவிடும். அடிக்கடி துவைக்கிற உறைக்கு அது லாயக்கில்லை. பருத்தி அப்படியே நேர்மாறு. நனைந்தால் பலம் கூடும். அடித்துத் துவைக்கலாம், வெயில் காலத்தில் முதுகு வியர்க்காது. ஆனால் சீக்கிரம் கசங்கும், வெயிலில் சாயம் மங்கும். பாலியெஸ்டர் தேயாது, சுருங்காது. ஆனால் புழுங்கும், எண்ணெய்க் கறையைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. அதனால் நெருக்கமாக நெய்த தடிமனான பருத்தியோ, பருத்தி அதிகமும் பாலியெஸ்டர் கொஞ்சமுமாகக் கலந்ததோ நம்ம ஊர் வீடுகளுக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இதற்காக வெளிநாட்டுத் துணியைத் தேடிப் போக வேண்டியதில்லை. கரூரில் நெய்கிற வீட்டு உபயோகத் துணிகள் கப்பலேறி வெளிநாட்டு வீடுகளுக்குப் போகின்றன. கேரளத்துக் கண்ணூர் கைத்தறித் துணியும், நம்ம பவானி ஜமக்காளமும் புவிசார் குறியீடு வாங்கியவை. திவானுக்கு மேலே ஒரு ஜமக்காளம் போட்டுப் பாருங்கள், எத்தனை வருஷம் உழைக்கிறது என்று தெரியும்.

கடைக்குப் போனால் இதையெல்லாம் கேளுங்கள், செய்து பாருங்கள்:

துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சல்லடை மாதிரி வெளிச்சம் வந்தால் வேண்டாம். ஒரு சதுர மீட்டர் துணி 300 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

இரண்டு கையாலும் பிடித்து அகலவாக்கில் இழுங்கள். நூல் விலகி இடைவெளி விழுந்தால், நாளைக்குத் தையல் ஓரத்தில் அதுதான் பிரியும்.

வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து இருபது தடவை தேயுங்கள். சாயம் ஒட்டினால், அது உங்கள் வேட்டி சேலையிலும் ஒட்டும்.

நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். நூல் மேலே எழும்பினால், பூனை இருக்கிற வீட்டுக்கும் வளையல் போடுகிற கைக்கும் ஆகாது.

"மார்ட்டின்டேல் எவ்வளவு?" என்று கேளுங்கள். துணியை மிஷினில் தேய்த்து, எத்தனை தேய்ப்பு தாங்குகிறது என்று பார்க்கிற சோதனைக்கு அந்தப் பெயர். வீட்டில் தினமும் உட்காருகிற சோபாவுக்கு 20,000க்கு மேல் இருந்தால் நல்லது. பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற வீடு என்றால் 25,000, 30,000 என்று இருக்கட்டும். நல்ல கடைகளில் சாம்பிள் புத்தகத்தின் பின்னாலேயே போட்டிருக்கும்.

இணையத்தில் படத்தைப் பார்த்து ஆர்டர் போடுகிறவர்கள், முதலில் ஒரு துண்டு சாம்பிள் கேட்டு வாங்குங்கள். அதை ஒரு தடவை துவைத்து, எண்ணெய்க் கையால் தொட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.

தைக்கக் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். பருத்தி என்றால் முதலில் தண்ணீரில் நனைத்து உலர்த்திவிட்டுத்தான் வெட்டச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் முதல் துவையலுக்கு அப்புறம் உறை ஏறாது. ஆணி அடித்து ஒட்டாமல், ஜிப் வைத்துக் கழற்றுகிற மாதிரி உறையாகத் தைக்கச் சொல்லுங்கள். அரை மீட்டர் துணி கூடுதலாக வாங்கி வைத்தால், கிழிந்த இடத்துக்கு ஒட்டுப் போட உதவும். படுக்கையிலிருக்கும் பெரியவர்களோ, கைக்குழந்தையோ இருக்கிற வீட்டில் உறைக்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட் போட்டுவிட்டால் ஸ்பாஞ்ச் நனையாது. "ஈரம் படும்" என்பதற்காக முழு சோபாவுக்கும் ரெக்ஸின் போட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுச் சீர் சோபாவை நான் தூக்கிப் போடவில்லை. தேக்குச் சட்டம் கல்லு மாதிரி இருந்தது. ரெக்ஸினை மட்டும் உரித்துவிட்டு, அழுக்குத் தெரியாத செங்கல் நிறக் கட்டம் போட்ட பருத்தியில் உறை தைத்தேன். இப்போது ஏழு வருஷமாகிறது. மாதம் ஒருமுறை கழற்றித் துவைக்கிறேன். மாமா எண்ணெய் தேய்த்த தலையோடு சாய்ந்து பேப்பர் படிக்கிறார்கள், நான் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சில சொந்தக்காரர்கள், "என்னது, பெட்ஷீட் துணி மாதிரி இருக்கே?" என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பல வீடுகளில் துணியைப் பார்த்து முடிவு செய்வது ஆண்கள். பணம் கொடுப்பவர்கள் என்பதால் அந்த உரிமையாம். தேய்ப்பதும், துவைப்பதும், உரிந்தால் கெட்ட பெயர் வாங்குவதும் நாம். புடவைக் கடையில் நாலு மணி நேரம் உட்கார்ந்து முந்தானையைப் புரட்டிப் பார்க்கிற நாம், சோபாக் கடையில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு பின்னால் நிற்கிறோம்? "யார் துவைக்கிறாங்களோ அவங்களைக் கேளுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லும் கணவர்மார்கள் பெருக வேண்டும். சொல்லாவிட்டால் நாமே முன்னால் போய்த் துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே? உங்கள் வீட்டு சோபாவில் தினமும் உட்காருவது யார், பெட்ஷீட்டா, மனுஷரா? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி