அடித்தால் படிவது யார்?

கெங்கவல்லி பக்கம் மாட்டுக்கொட்டகையிலும் பள்ளிக்கூடத்திலும் ஒரே தத்துவம்தான் ஆட்சி செய்கிறது: அடியாத மாடு படியாது. பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பா, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மீதித் தோல உரிச்சுருங்க சார்" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். சொல்வதில் ஒரு பெருமை வேறு. நம் பழமொழிகளிலேயே அதிகச் சேதம் செய்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொல்லிப் பிள்ளையையும் கூடவே இழுத்துவிட்டது இரண்டாம் இடம்.

மாட்டிடமே கேட்போம். அடிக்கிற ஆள் மடியில் கை வைத்தால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். மிரண்ட மாட்டின் உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது. பாலை இறக்கிவிடும் ஆக்சிடோசினின் வேலை தடைப்படுகிறது. நஷ்டம் சொசைட்டியில் ஊற்றும்போது தெரியும். அதே பசு, தவிடும் பருத்திக்கொட்டையும் கலக்கும் சத்தம் கேட்டால் யாரும் ஓட்டாமலே கறவை இடத்தில் வந்து நிற்கிறது. பழக்கியது தவிடு. பெயர் கம்புக்கு!

தம்மம்பட்டி ஜல்லிக்கட்டு போன்ற களங்களில் ஆள் அண்ட முடியாத காளைகளைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அதைக் குளிப்பாட்டித் தீனி வைக்கும் சின்னப் பெண் கயிற்றைப் பிடித்தால், பின்னாலேயே தலையை ஆட்டிக்கொண்டு நடக்கிறது. அவளால் அதை அடித்து அடக்கியிருக்க முடியுமா?

ஒரு காரியத்தைச் செய்த கையோடு என்ன கிடைக்கிறதோ, அதுதான் அந்தக் காரியம் மறுபடி நடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. 1898இல் கூண்டுப் பூனைகளை வைத்து உளவியலாளர் தார்ண்டைக் சொன்னதும், 1938இல் எலிகளை வைத்து ஸ்கின்னர் விரித்ததும் இதுதான். நெம்புகோலை அழுத்திய எலிக்கு ஷாக் கொடுத்துப் பார்த்த இன்னொரு உளவியலாளர் எஸ்டெஸ் 1944இல் எழுதினார்: தண்டனை இருக்கும்வரை அழுத்துவது குறைகிறது, நின்றதும் பழையபடி ஆரம்பிக்கிறது. வாத்தியார் லீவு போட்ட நாளில் வகுப்பு என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு எலி தேவையில்லை.

அப்படியானால் இத்தனை பேர் ஏன் நம்புகிறார்கள்? அடித்தவனுக்கு உடனே கூலி கிடைக்கிறது, அதுதான் காரணம். கத்திக்கொண்டிருந்த பிள்ளை ஓர் அறை விழுந்ததும் வாயை மூடுகிறது. அந்த நிமிட அமைதி அப்பாவுக்குப் பரிசு. அடுத்த முறை கை இன்னும் சீக்கிரம் ஓங்குகிறது. பிள்ளை படிந்ததோ இல்லையோ, அப்பா நன்றாகவே படிந்துவிட்டார்.

இன்னொரு கண்கட்டும் உண்டு. வழக்கமாக 50 மார்க் வாங்கும் பையன் ஒரு பரீட்சையில் 30 வாங்குகிறான். காய்ச்சலோ, படிக்காத பாடத்திலிருந்து வந்த கேள்வியோ, ஏதோ ஒன்று. செம அடி. அடுத்ததில் 48. "பாத்தீங்களா?" என்கிறார் வாத்தியார். அடிக்காவிட்டாலும் அவன் தன் வழக்கத்துக்குத் திரும்பியிருப்பான். இன்னொருத்தன் அதிர்ஷ்டத்தில் 70 வாங்கி, பாராட்டும் வாங்கி, அடுத்ததில் 55க்கு இறங்குகிறான். பாராட்டினால் தலைக்கனம் ஏறும் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இஸ்ரேல் விமானப் பயிற்சியாளர்களும் திட்டினால் தேறுகிறான், புகழ்ந்தால் கெடுகிறான் என்று இப்படித்தான் சாதித்தார்கள். அது வெறும் ஏற்ற இறக்கக் கணக்கு என்று புரிந்துகொண்டவர் டேனியல் கானமன். பின்னாளில், 2002இல், பொருளாதார நோபல் வாங்கியவர்.

மின்வேலியைத் தொட்ட மாடு மறுபடி அந்தப் பக்கம் போவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேலி தொட்ட கணமே அடிக்கிறது, ஒவ்வொரு முறையும் அடிக்கிறது, கோபப்படுவதில்லை, ஆள் பார்ப்பதில்லை. தண்டனை பலிக்க இந்த அளவு கறார் வேண்டும். நம் வீட்டு அடி அப்படியா வருகிறது? காலையில் செய்த தப்புக்குச் சாயங்காலம் விழுகிறது; மக்காச்சோளம் விலை இறங்கிய நாளில் கூடுதலாக விழுகிறது. அவிழ்த்துக்கொண்டு ஓடிய நாயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அது வாலைக் குழைத்துக்கொண்டு வந்ததும் நாலு சாத்து சாத்துகிறோம். ஓடியதற்கு அடித்தோம் என்று நமக்கு நினைப்பு. நாயைப் பொறுத்தவரை, கூப்பிட்டதும் வந்ததற்குத்தான் அடி. நாளைக்கு அது வராது.

அடம் பிடிப்பதையும் நாமே சொல்லிக் கொடுக்கிறோம். பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் பாக்கெட்டைக் கேட்டுப் பிள்ளை அழுகிறது. முதலில் முடியாது, இரண்டாம் அழுகைக்கும் முடியாது, கூட்டம் திரும்பிப் பார்த்ததும், "சனியனே, இந்தா." மூச்சு முட்ட அழுதால் கிடைக்கும் என்பது பாடமாகிவிட்டது. எப்போதாவது மட்டும் கிடைக்கும் பரிசுதான் ஆளை விடாமல் பிடித்து வைக்கும். 2003இல் தமிழ்நாட்டில் தடை செய்யும்வரை லாட்டரிச் சீட்டு ஓடியது இந்தச் சூட்சுமத்தில்தான். இவ்வளவும் கற்றுக்கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அடம் பிடித்ததற்கு அடி!

வண்டி மாட்டை ஆணி வைத்த கம்பால் குத்தக் கூடாது என்று 1965ஆம் வருட விதி சொல்கிறது. பிள்ளையை அடிக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. மாடு முந்திக்கொண்டது. இப்போது ஆசிரியர்கள், "கம்பைப் பிடுங்கிட்டீங்க, இனி எப்படி மேய்க்கிறது?" என்று குறைப்படுகிறார்கள். பதிலுக்கு என்ன செய்வது என்று யாரும் உருப்படியாகச் சொல்லித் தரவில்லை என்பது உண்மைதான். கடைசி பெஞ்சுக்காரன் ஒரு கணக்கைப் பாதிவரை சரியாகப் போட்டிருந்தால் அந்தப் பாதியை அந்த நிமிடமே, பெயர் சொல்லி மெச்சுவது. மீதிக்கு நாளை வரை பொறுப்பது. இது கம்பெடுப்பதைவிடக் கஷ்டமான வேலை, பலன் தெரிய நாளும் ஆகும். ஆனால் கம்பு கையில் இருந்த காலத்திலும் வருஷம் முழுக்க அதே பையனை, அதே தப்புக்குத்தானே அடித்துக்கொண்டிருந்தார்கள்?