குட்டிகளுக்கு யார் பொறுப்பு?

மார்கழியில் கூடும் நாய்கள் மாசியில் குட்டி போடும். பங்குனி பிறந்ததும் தூத்துக்குடியில் அட்டைப்பெட்டிகள் கிளம்பிவிடும். ஆண் குட்டிகளை அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கிப் போயிருப்பார்கள். மிச்சம் இருப்பவை பொட்டைக் குட்டிகள். மீன் ஏலம் போடும் இடத்தின் ஓரத்திலோ, கறிக்கடைக்குப் பின்னாலோ, உப்பளத்துக்குப் போகும் சாலையிலோ ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு இறக்கிவிட்டுப் போவார்கள். கழிவு கிடக்கும், தின்று பிழைத்துக்கொள்ளும் என்று மனசுக்கு ஒரு சமாதானம். அப்படிப் பிழைத்த பொட்டை, ஒரு வருஷம் ஆகுமுன்னே சினையாகி நிற்கும்.

தெருநாய் பற்றி 2025-இல் நாடு பேசித் தீர்த்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-இல் தில்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதினோரு நாளில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றது. இத்தனை வாதத்திலும் தெருநாய் ஏதோ தெருவிலேயே முளைத்தது போன்ற தொனிதான் இருந்தது. அதன் தாயோ பாட்டியோ ஒரு வீட்டு வாசலில் படுத்திருந்ததை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஆகவே கேள்வி வீட்டு வாசலுக்கு வருகிறது. வளர்க்கும் நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை அறுவையைச் சட்டம் கட்டாயமாக்கலாமா? ஆக்க வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் அபராதத்தில் தொடங்கும் கட்டாயத்தை நாம் ஆதரிக்கவில்லை.

பாதிச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்புப் பிராணிக்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை மூன்றுக்கும் உரிமையாளரே பொறுப்பு என்கின்றன. எந்த வயதுக்குள், செய்யாவிட்டால் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. மறுபாதியை அவசரமாக எழுதப் பார்த்த கதையும் உண்டு. 2024 மார்ச் 12-இல் பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 வகை நாய்களின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை போடச் சொன்ன மத்திய சுற்றறிக்கை, வீடுகளில் இருக்கும் அந்த வகை நாய்களுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்றும் சொன்னது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்ட உத்தரவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு மாதத்துக்குள் அதை ரத்து செய்தது. கேட்டிருந்தால், எந்த ஜாதி நாய் என்பதைவிட எந்த நாய் அவிழ்த்துவிடப்படுகிறது என்பதே முக்கியம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

தூத்துக்குடிக் கடற்கரையில் இந்தச் சட்டத்துக்கு முதல் சிக்கல் 'உரிமையாளர்' யார் என்பதுதான். வேம்பார் முதல் பெரியதாழை வரை எந்த மீனவர் குடியிருப்பிலும் பாருங்கள். நாய்க்குப் பெயர் இருக்கும். சோறு வைக்க நாலு வீடு இருக்கும். படகு கரை தட்டும்போது ஓடிப்போய் வாலாட்டும். ஆனால் "யார் வீட்டு நாய்?" என்று அதிகாரி நோட்டும் கையுமாக வந்து நின்றால் நாலு வீடும் கதவைச் சாத்திக்கொள்ளும். பூனை விஷயம் இன்னும் மோசம். நாலைந்து மாதத்திலேயே சினையாகக்கூடிய அந்தப் பிராணியை யாரும் வளர்ப்பதாகவே ஒப்புக்கொள்வதில்லை, அதுவாக வந்து மீன் தின்கிறது, அவ்வளவுதான்! இந்த நிலையில் முதல் நாளே அபராதம் என்றால், அரைகுறையாகச் சொந்தம் இருந்த நாய்களும் ஒரே வாரத்தில் அநாதையாகிவிடும்.

சென்னை மாநகராட்சி முதலில் வளர்ப்பு நாய்க்கு 50 ரூபாயில் உரிமம், இலவச ஊசி, இலவச மைக்ரோசிப் என்று கொடுத்து, பிறகே உரிமம் இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றது. காலக்கெடுவையும் தள்ளித் தள்ளிப் போட்டது. குறை ஆயிரம் சொல்லலாம், வரிசை சரியான வரிசை.

இரண்டாவது சிக்கல், விதிவிலக்கு. இதே மாவட்டத்தின் கோவில்பட்டி, கழுகுமலைக் கரிசலில் வளர்ந்தது கன்னி நாய். பக்கத்திலேயே சிப்பிப்பாறை. முயல் துரத்தும் இந்த ஒல்லி நாய்களைத் தலைமுறையாகக் காத்து வந்தவர்கள் பெரிய பண்ணைக்காரர்கள் அல்லர், சாதாரண விவசாயக் குடும்பங்கள். ஒரே கத்தியை எல்லா நாய்க்கும் நீட்டினால் முதலில் அழிவது நாட்டு இனம். தமிழக அரசு 2024-இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை இனவிருத்தி செய்பவர்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. நாட்டு இனக்காரர்களுக்கு அந்தப் பதிவை எளிதாக்கி, பதிவு பெற்ற நாய்க்குக் கருத்தடையிலிருந்து விலக்குக் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் படம் போட்டு, கண் திறந்து சில நாளே ஆன குட்டியை விற்கிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017 விதியே சொல்லியும், கேட்பார் இல்லை.

"வாயில்லா ஜீவனை அறுப்பது பாவம் இல்லையா?" என்ற குரலைச் சிரித்துத் தள்ள நாம் தயாராக இல்லை. நார்வேயில் தகுந்த காரணம் இன்றி நாய்க்குக் கருத்தடை செய்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பெரிய உடம்பு நாய்களுக்கு மிகச் சிறு வயதில் செய்தால் மூட்டுக் கோளாறு வரலாம் என்று ஆய்வுகளும் உண்டு. வயதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் நார்வேயில் நாய் தனியாகத் தெருச் சுற்றுவதில்லை. நம் ஊரில் பொட்டை நாய் வருஷத்துக்கு இரண்டு ஈற்று ஈன்று, கருப்பையில் சீழ் வைத்துச் சாவதும், குட்டிகள் லாரிச் சக்கரத்தில் சாவதும் யார் கணக்குப் பாவம்?

மனிதர் உயிரும் இதில் இருக்கிறது. 2024-இல் தமிழகத்தில் நாய்க்கடிக்கு ஆளானவர்கள் சுமார் 4.8 லட்சம் பேர், ரேபிஸ் வந்து இறந்தவர்கள் 43 பேர். உயிரைக் காப்பது ஊசிதான், கருத்தடை அல்ல என்பது உண்மை. ஆனால் ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு 70 நாய்க்கு ஊசி போட்டால்தான் நோய்ச் சங்கிலி அறும். அடுத்த மாசியில் ஊசி போடாத குட்டிகள் கூட்டமாக வந்து சேர்ந்தால் அந்த 70 நிற்காது. விடியுமுன்னே சைக்கிளில் உப்பளத்துக்குப் போகிறவர்களுக்கு இது புள்ளிவிவரம் அல்ல, தினசரிப் பயம்.

இனப்பெருக்கத்துக்காகச் சட்டத்துக்குக் கட்டுப்படுவது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கட்டிப்போடுகிறார்கள். முணுமுணுப்பு உண்டு, ஆனாலும் தடை நிற்கிறது. காரணம், கட்டுப்படச் சொல்லும் அரசு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணமும் தருகிறது. கட்டாயத்தோடு கைதூக்கிவிடலும் வரும்போது நம் மக்கள் சட்டத்தை மதிக்கிறார்கள். தனியார் மருத்துவரிடம் ஒரு பொட்டை நாய்க்கு அறுவை செய்ய ஆயிரக்கணக்கில் ஆகிறது. அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்திடம் அதைக் கேட்டுவிட்டு, மறுத்தால் அபராதம் என்பது ஆட்சி ஆகாது.

தூத்துக்குடி மாநகராட்சியும் கால்நடைத் துறையும் வரும் தடைக் காலத்திலேயே தொடங்கலாம். கடலுக்குப் போகிறவர்களில் பலர் வீட்டில் இருக்கும் மாதங்கள் அவை. நடமாடும் அறுவை ஊர்தியும் இரண்டு மருத்துவர்களும் குடியிருப்புக்கே வரட்டும். அறுவை இலவசம். அறுவைக்குப் பின் நாலைந்து நாள் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும். அதே இடத்தில் ஊசி, பதிவு, சிப். பொட்டைகளுக்கு முதலிடம். பெயர் கொடுக்க முன்வரும் வீட்டுக்கு, அந்த நாயின் அடுத்த ஆண்டு ஊசியும் இலவசம் என்று சொன்னால் 'உரிமையாளர்' தானாகக் கிடைப்பார். ஓர் ஆண்டு இப்படி நடத்திய பிறகும் செய்யாதவர்களுக்கும், குட்டிகளைச் சாலையில் இறக்கிவிடுகிறவர்களுக்கும் அபராதச் சீட்டு அடிக்கட்டும். அன்று நாமும் அதை ஆதரித்து எழுதுவோம்.