காண்டவ வனமும் கருகிய காடும்

மகாபாரதத்தின் ஆதி பருவத்திலே காண்டவ வனம் எரிந்த வரலாறு வருகின்றது. அக்கினி பகவானின் பசிக்கு அக்காடு இரையாக, கண்ணனும் அருச்சுனனும் எல்லையிலே காவல் நின்றனர். அந்தப் பெருந்தீயின் நடுவே ஜரிதை என்னும் தாய்ப்பறவையும், பறக்க இயலாத அவளுடைய நான்கு குஞ்சுகளும் அகப்பட்டுக் கொண்டன. மரத்தடியில் இருந்த எலி வளைக்குள் குஞ்சுகளை நுழையச் சொன்னாள் தாய். வாயிலை மண்ணால் மூடிவிட்டு, தீ கடந்ததும் வந்து திறப்பதாகவும் சொன்னாள். குஞ்சுகளோ இணங்கவில்லை. வளைக்குள் இருக்கும் எலியின் வாயில் அகப்பட்டு மடிவதிலும், தீயில் மடிவதே மேல் என்றன. பின்னர் அவை அக்கினியைத் துதித்து, அவன் அருளால் உயிர் தப்பின என்பது கதை.

காடு எரியும்போது பிறிதோர் உயிரின் வளைக்குள் புகலாமா? குஞ்சுகள் எழுப்பிய இந்தக் கேள்விக்கு அவுஸ்திரேலியக் காடுகளிலே அண்மைக் காலத்தில் ஒரு விடை கிடைத்திருக்கின்றது.

2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி 2020இன் முற்பகுதி வரை எரிந்த காட்டுத்தீயை இந்நாட்டு அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிட்னி நகரின் வானம் பல நாட்கள் புகையால் மூடிக்கிடந்தது. தீயிலே நேரடியாக மாண்டவர்கள் 33 பேர். ஏறத்தாழ 300 கோடி விலங்குகளும் பறவைகளும் ஊர்வனவும் தவளைகளும் மாண்டோ இருப்பிடம் இழந்தோ போயின என்று உலக வனவிலங்கு நிதியத்தின் அவுஸ்திரேலியக் கிளை மதிப்பிட்டது.

அந்த 2020 ஜனவரியில் ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. வொம்பட் என்னும் பிராணி, தீயிலிருந்து தப்பியோடிய சிறு உயிர்களைத் தன் வளைக்குள் ஓட்டிச் சென்று காப்பாற்றுகின்றது என்பதே அச்செய்தி. படித்தவர்கள் உருகினார்கள். ஆனால் வொம்பட்டை நன்கு அறிந்த விஞ்ஞானிகள் இதனை மறுத்தனர். வொம்பட் தனித்து வாழும் பிராணி. பிற உயிர்களை மேய்த்துச் செல்லும் வழக்கம் அதற்கில்லை. அது தனக்காகவே வளை தோண்டுகின்றது.

அப்படியாயின் செய்தி முழுவதும் பொய்யா என்றால், அதுவும் இல்லை. ஒரு வொம்பட் ஒரே வளையில் தங்குவதில்லை; பல வளைகளை மாற்றி மாற்றிப் பாவிக்கும். ஆகவே பல வளைகள் வெறுமையாகக் கிடக்கும். அவை நீளமானவை, ஆழமானவை. வெளியே அனல் வீசினாலும் உள்ளே குளிர்ச்சி மாறாது. தீக்குப் பின்னர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்பகுதிக் காடுகளிலே, சாள்ஸ் ஸ்ரேட் பல்கலைக்கழக ஆய்வாளர் 28 வளைகளின் வாயிலில் தானியங்கிப் புகைப்படக் கருவிகளைப் பொருத்திக் கவனித்தனர். 2024ஆம் ஆண்டில் அந்த ஆய்வு வெளியாயிற்று. 56 வகை உயிரினங்கள் அவ்வளைகளின் பக்கம் வந்து போயிருந்தன. அவற்றுள் புதர் எலியும் உண்டு, அதைப் பிடித்துத் தின்னக்கூடிய பெரிய உடும்பும் உண்டு. கடுமையாக எரிந்த இடங்களிலேதான் இந்த வளைகளை நாடி வருவது கூடுதலாக இருந்தது.

காண்டவ வனத்திலே வளைக்குச் சொந்தக்காரனாக இருந்த எலி, இங்கே விருந்தாளியாக வந்து நிற்கின்றது! வொம்பட் எவரையும் அழைக்கவில்லை. வந்தவரை வரவேற்று உபசரிக்கவும் இல்லை. தான் தோண்டிய வாயிலை அடைக்காமல் விட்டது, அவ்வளவே. அதனாலேயே பல உயிர்கள் பிழைத்தன.

இதுபோன்ற இன்னொரு செய்தி, இலங்கையிலிருந்து வந்த அன்பர்களுக்கு நன்கு தெரிந்தது. உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் நடந்து கடக்கும் யால வனத்தை, 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியது. அங்கிருந்த மனிதர் பலர் மாண்டனர். விலங்குகளின் உடல்களோ மிகக் குறைவாகவே காணப்பட்டன. யானைகள் முன்கூட்டியே உணர்ந்து மேட்டு நிலத்துக்கு ஓடிவிட்டன என்று எங்கும் பேசப்பட்டது. ஆனால் அவ்வேளையில் அப்பகுதியிலே இரண்டு யானைகளின் கழுத்தில் செய்மதிப் பட்டிகள் பூட்டப்பட்டிருந்தன. அவற்றின் பதிவுகளை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையின்படி, அலை வருமுன் அந்த யானைகள் வழக்கத்துக்கு மாறாக எங்கும் ஓடியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இதனைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. இல்லாத அற்புதத்தைச் சொல்லித்தான் ஆண்டவன் படைப்பின் பெருமையை நிலைநாட்ட வேண்டும் என்பதில்லை. உள்ள அற்புதமே போதும். எக்கிட்னா என்னும் முள்ளுடல் பிராணியைப் பாருங்கள். மேற்கு அவுஸ்திரேலியாவின் டிரயாண்ட்ரா வனத்தில் அதனை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு இது: காடு எரிந்த பின்னரும் அது தன் இடத்தை விட்டு ஓடுவதில்லை. உடல் வெப்பத்தைத் தாழ்த்தி, யோக நித்திரை போன்ற ஒரு துயிலில் அடிக்கடி ஆழ்ந்து, உள்ள சிறிதளவு உணவைக் கொண்டே காலத்தைக் கழிக்கின்றது.

தீயிலிருந்து தப்பிய உயிர்களுக்கு அடுத்த ஆபத்து, தீ அணைந்த பின்னரே தொடங்குகின்றது. ஒளிந்துகொள்ள ஒரு புல்லும் இல்லாத நிலத்தை வேட்டைப் பிராணிகள் நாடி வருகின்றன. வடமேற்கிலே கிம்பர்லிப் பகுதியில் காட்டுப் பூனைகள் எரிந்த நிலத்தைத் தேடிப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேலும் பயணம் செய்தமை பதிவாகியிருக்கின்றது. ஜரிதையின் குஞ்சுகள் எலிக்கு அஞ்சியதும் வீண் அச்சம் அன்று.

ஆகவே அன்பர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. வீட்டுப் பூனையை இரவும் பகலும் உள்ளே வைத்திருத்தல் ஒன்று. எரிந்த காட்டில் எஞ்சிய பொந்து மரத்தையும் விழுந்த கட்டையையும் விறகென்று எடுத்து வராதிருத்தல் மற்றொன்று. ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேசுவரப் பெருமாளைத் தரிசிக்கக் காட்டுவழியே செல்வோர், அந்தியிலும் அதிகாலையிலும் மெதுவாக வண்டி ஓட்டுதலும் ஒரு தொண்டே.

தண்ணீர் கொடுப்பதிலும் நிதானம் வேண்டும். 2009ஆம் ஆண்டு விக்டோரியாவில், 173 பேரைப் பலிகொண்ட கறுப்புச் சனிக்கிழமைக்குச் சில நாட்கள் முன்னர், ஒரு தீயணைப்புத் தொண்டர் கொவாலா ஒன்றுக்குப் போத்தலில் நீர் கொடுத்த படம் உலகெங்கும் பரவியது. அவரது கருணை பெரிது. எனினும் தலையை நிமிர்த்திப் போத்தலால் ஊட்டினால் நீர் நுரையீரலுக்குள் போய் உயிருக்கே தீங்காகலாம் என்று மிருக வைத்தியர்கள் எச்சரிக்கின்றனர். தட்டிலே நீரை வைத்துவிட்டு விலகி நிற்பதே முறை. காயப்பட்ட பிராணியைக் கண்டால், சிட்னியில் உள்ளோர் வயர்ஸ் அமைப்புக்கும் மெல்பேணில் உள்ளோர் வைல்ட்லைஃப் விக்டோரியா அமைப்புக்கும் அறிவிக்கலாம்.

வொம்பட்டின் வளை இன்னொன்றையும் நினைப்பூட்டுகின்றது. இந்நாட்டுக்கு முன்னர் வந்த குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காகவும் தங்கள் மன அமைதிக்காகவுமே சங்கம் கூட்டினார்கள், கோயில் எழுப்பினார்கள். 1983ஆம் ஆண்டு இலங்கையிலே தீ மூண்ட பின், எல்லாம் இழந்து வந்தவர்களும் அதே வாயிலில்தான் வந்து நின்றார்கள். ஊர் வேறு, பழக்க வழக்கம் வேறு, பேசும் தமிழும் சிறிது வேறு. ஆயினும் அன்னதானப் பந்தியிலே அருகருகே இருந்து உண்டார்கள்.

தீ இனியும் வரும். வாயிலைத் தேடி வருவோரும் இருப்பர். அவ்வேளை வாயில் திறந்திருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.