கோபுரத்துக்குக் காசுண்டு, ஏட்டுக்கு?

கட்டைபறிச்சானிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஓர் அம்மன் கோயிலின் கணக்கறிக்கைக் கூட்டத்துக்குச் சென்ற மாதம் போக நேர்ந்தது. அழையா விருந்தாளியாகத்தான் போனேன். பத்திரிகைக்காரனுக்கு அந்த உரிமை உண்டென்று முப்பது வருடமாக நம்பி வருகிறேன். பொருளாளர் எழுந்து வரவு செலவை வாசித்தார். தெருவாசலில் வளைவு, விமானத்துக்கு வர்ணப்பூச்சு, உள்வீதிக்கு மாபிள், சோடனை மின்விளக்கு, நான்கு புதிய ஒலிபெருக்கிகள். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த தொகைகள் ஒவ்வொன்றாகப் பெயரோடு வாசிக்கப்பட்டன. பெயர் விடுபட்டுப்போன ஒருவரின் மைத்துனர் எழுந்து கோபித்துக்கொண்டார். அவருடைய பெயரும் சேர்க்கப்பட்டது.

எல்லாம் முடிந்தபின், "அம்மனுடைய ஏடு எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். சபை சற்று நேரம் மௌனமாயிற்று. பின்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர்தான் பதில் சொன்னார். "அது அப்பவே போயிற்று தம்பி. ரெண்டாயிரத்து ஆறில வெருகல் ஆறு கடக்கக்குள்ள நனைஞ்சிட்டுது. வாகரையில காயவைச்சுப் பார்த்தன். ஒட்டிக்கொண்டு வரேல்ல."

அந்தக் கோயிலில் வைகாசியில் கண்ணகி வழக்குரை படிப்பது வழக்கம். அந்த வழக்கம் இப்போதும் இருக்கிறதா என்று விசாரித்தேன். இருக்கிறதாம். எங்கோ ஓர் ஊரில் யாரோ பாடிய ஒலிப்பதிவைப் பென்டிரைவில் ஏற்றி, புதிய ஒலிபெருக்கியில் போடுகிறார்களாம். கப்புகனார் அதுவரைக்கும் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாராம்.

கோபம் வந்தது. அன்றைக்கு அடக்கிக்கொண்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கண்ணகி வழக்குரையைப் பற்றி அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. கிழக்கிலங்கையின் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு நாட்களில் பாடப்படும் நூல் அது. கோவலன், மாதவி, சிலம்பு விற்கப்போனது, வழக்குரைத்தது என்று கதை நடந்து, கடைசியில் மதுரையை எரித்த சினம் தணியும்படி குளிர்த்தி பாடிச் சடங்கு நிறைவுறும். பொழுதுபோக்குக்காகப் படிக்கும் காப்பியமாக இங்கே எவரும் அதைக் கருதியதில்லை. அதைப் படிப்பதுதான் பூசை, ஏடு கோயிலுக்குள் அம்மனோடு இருப்பது. மட்டக்களப்பு வித்துவான் வீ. சீ. கந்தையா அவர்கள் அதனைப் பதிப்பித்து 1968-இல் அச்சாக்கியிராவிட்டால் இன்று நாம் எதை வைத்துக்கொண்டு பேசுவோம் என்று நினைக்கவே அச்சமாயிருக்கிறது.

இனி, வேறொரு சமயத்தாரின் வழக்கத்தைச் சொல்லப்போகிறேன். பொறுமையோடு கேளுங்கள்.

யூதர்களின் தொழுகைக்கூடம் ஒவ்வொன்றிலும் ஒரு பேழை இருக்கும். அதற்குள் தோரா என்னும் ஐந்நூல், தோலில் கையால் எழுதப்பட்ட சுருளாக இருக்கும். அச்சடித்த தோரா உலகெங்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. இருந்தும் சபையில் முறைப்படி ஓதுவதற்கு அச்சுப்புத்தகம் செல்லாது. கையெழுத்துச் சுருள்தான் வேண்டும். அந்தச் சுருளில் 304,805 எழுத்துகள். அவற்றை எழுதுவதற்கென்றே பயின்ற எழுத்தர் இருக்கிறார், அவரை சோஃபேர் என்பார்கள். உண்ணத்தகும் விலங்கின் தோலைப் பதப்படுத்தி, இறகு அல்லது நாணல் பேனாவால், அதற்கென்றே காய்ச்சிய கறுப்பு மையால் எழுதவேண்டும். மனப்பாடமாகத் தெரிந்தாலும் நினைவிலிருந்து எழுதலாகாது. முன்னே ஒரு மூலப் பிரதி இருக்கவேண்டும். ஒவ்வொரு சொல்லையும் வாயால் உச்சரித்துவிட்டுத்தான் எழுதவேண்டும். ஓர் எழுத்து மற்றோர் எழுத்தைத் தொட்டால் பிழை. ஓர் எழுத்து குறைந்தாலும், திருத்தும்வரை முழுச்சுருளும் ஓதுவதற்கு ஆகாது. இறைவனின் பெயரில் பிழை நேர்ந்தால் சுரண்டி அழிக்கவும் கூடாது. அந்தத் தோல்தாளையே ஒதுக்கிவிட்டு வேறு தாளில் தொடங்கவேண்டும். ஒரு சுருளை எழுதி முடிக்க ஏறத்தாழ ஒரு வருடம் செல்கிறது. விலையோ பல பத்தாயிரம் டொலர்.

அவர்களுடைய மரபின்படி கட்டளைகள் 613. ஒவ்வொருவனும் தனக்கென ஒரு தோராவை எழுதவேண்டும் என்பது அவற்றுள் கடைசிக் கட்டளையாக எண்ணப்படுகிறது. எத்தனை பேரால் முடியும்? ஆகையினால் ஊர் கூடிப் பங்கு போடுகிறது. பணக்காரன் ஒரு நூலின் பங்கை எடுக்கிறான். நடுத்தரக் குடும்பம் ஓர் அத்தியாயத்தை எடுக்கிறது. விதவைத் தாயும் பள்ளிக்கூடப் பையனும் ஓர் எழுத்தை எடுக்கிறார்கள். அந்த ஓர் எழுத்து இல்லையேல் பணக்காரனின் பங்கும் செல்லாது என்பதை எண்ணிப்பாருங்கள். கடைசி வரிகளில் சில எழுத்துகளை எழுத்தர் வெறும் கோட்டுருவமாக விட்டுவைப்பார். நிறைவு நாளில் சபையார் ஒவ்வொருவராக வந்து எழுத்தரின் அருகிலிருந்து அவற்றை நிரப்புவிப்பார்கள். அதன்பின் புதிய சுருளுக்கு மேற்கட்டி பிடித்து, பாடி ஆடித் தெருவழியே கொண்டுவருவார்கள். பழைய சுருள்கள் பேழையிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்து புதியதை எதிர்கொள்ளும். நமது ஊர்களில் ஓர் அம்மன் வீதிவலம் வரும்போது மற்றோர் அம்மன் எதிர்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

அவர்களிடமும் பெயர்ப்பலகை உண்டு, அதை மறைக்கமாட்டேன். உபயகாரரின் பெயரைச் சுருளின் பட்டுறையிலே தைப்பார்கள், உருளைக்கட்டையிலே பொறிப்பார்கள். ஆனால் சுருளுக்குள்ளே எவன் பெயரும் நுழையாது. நாமோ குழல்விளக்கிலே பெயரெழுதி அதன் வெளிச்சத்தையும் மறைத்துவிட்டோம்.

யூதர் என்றதும் காஸாவைக் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். மூதூரில் முஸ்லிம் சகோதரர்களோடு பக்கத்துப் பக்கத்தில் வாழ்பவர் எவரும் கேட்காமலிருக்க முடியாது. காஸா நகரின் பெரிய உமரிப் பள்ளிவாசல் 2023 டிசம்பரில் குண்டுவீச்சில் சிதைந்தது. அரிய கையெழுத்துப் பிரதிகள் இருந்த நூலகம் அந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்தது. தன் சுருளில் ஓர் எழுத்து அழிந்தாலும் பதறுகிற மரபின் பெயரால் ஆளுகிற அரசு இதைச் செய்தது என்பது அந்த மரபுக்கே நேர்ந்த அவமானம் என்றே கருதுகிறேன். ஆனால் ஓர் அரசின் குற்றத்துக்காக, இரண்டாயிரம் வருடம் அரசே இல்லாமல் அலைந்த ஒரு கூட்டம் எதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிழைத்தது என்ற பாடத்தை நாம் படிக்காமல் விடவேண்டுமா? அரசு இல்லாமல் அலைவது எப்படியென்று நமக்கும் கொஞ்சம் தெரியுமே.

அவர்கள் தூரத்து மனிதர்களுமல்லர். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000-இல் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்குப் பகல்விளக்கு, பாவாடை, குடை, பறை முதலிய சிறப்புரிமைகளை வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. மலையாளம் தமிழிலிருந்து முற்றாகப் பிரிந்திராத காலத்து மொழி அது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி தொழுகைக்கூடம் அந்தச் செப்பேட்டைக் காத்து வந்தது. திருவிதாங்கூர் அரசர் 1805-இல் அந்தக் கூடத்துக்குப் பொற்கிரீடம் ஒன்று கொடுத்தார். எந்தத் தலைக்கென்று நினைக்கிறீர்கள்? தோராச் சுருளுக்கு. ஓர் இந்து அரசன் வேற்றுச் சமயத்தின் நூலுக்கு முடிசூட்டியிருக்கிறான். 1950-களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரவேலுக்குக் குடிபெயர்ந்தபோது, சுவர்களையும் மண்டபங்களையும் விட்டுவிட்டுச் சுருள்களை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது திருக்கோணமலைக்கு வருவோம். 1620-களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்றைய பிரெட்ரிக் கோட்டை அங்கேதான் நிற்கிறது. மறைத்துவைத்த விக்கிரகங்களுள் சில 1950-இல் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன. 1963-இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இடையிலே முந்நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட வருடங்கள். அத்தனை காலமும் அந்தக் கோயில் எங்கே இருந்தது? தம்பலகாமத்து ஆதி கோணைநாதர் சந்நிதியில் இருந்தது என்பது ஒரு விடை. ஏட்டில் இருந்தது என்பது இன்னொரு விடை. கவிராஜவரோதயன் பாடிய கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டன் கோயிலுக்குச் செய்த நியமங்களையும், தானத்தார் வரிப்பத்தார் என்போர் எந்தத் தொழும்பை எப்போது செய்யவேண்டும் என்பதையும் வரிசைப்படுத்திச் சொல்கிறது. பெயர் கல்வெட்டு, இருந்ததோ பனையோலையில். கல் விழுந்தது. ஓலை பிழைத்தது. எப்படிப் பிழைத்தது? ஓலைக்கும் ஆயுள் உண்டு, நமது ஈரக்காற்றில் அது மிகக் குறைவு. தலைமுறைக்குத் தலைமுறை எவனோ ஒருவன் குந்தியிருந்து எழுத்தாணி பிடித்துப் பிரதி செய்ததால் பிழைத்தது. அவன் பெயர் எந்த வளைவிலும் இல்லை.

(அந்த நூலில் எவருக்கு எந்த ஊழியம் என்று வகுத்திருப்பதில் சாதியின் நிழல் விழுந்திருக்கிறது. அதைச் சட்டமாகக் கொள்ளும்படி நான் சொல்லவில்லை. வரலாற்றைப் பிரதி செய்வதும் அதற்கு அடிமையாவதும் வேறு வேறு.)

"இதெல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறதே!" என்றார் அன்றைய கூட்டத்தில் ஓர் இளைஞர். நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வலையில் ஏற்றிவருவதை நானும் அறிவேன். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை எரித்தவர்களுக்கு நமது தரப்பிலிருந்து கொடுக்கப்பட்ட மிகச் சிறந்த பதில் அதுவென்றே சொல்வேன். ஆயினும் அது ஆய்வாளனுக்கும் ஆர்வலனுக்கும் உதவும் காரியம். கோயிலுக்கு முன்னே கூடுகிற சனத்தை அது கூட்டமாக்காது. வலையில் இருக்கும் நூலை அந்தக் கிராமத்தில் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று அந்த இளைஞரிடமே கேட்டேன். சிரித்தார். தாமும் பார்த்ததில்லையென்று ஒப்புக்கொண்டார். நல்ல பிள்ளை.

"ஏடெழுத இப்போது ஆளேது?" என்பது அடுத்த கேள்வி. பனையோலைதான் வேண்டுமென்று நான் அடம்பிடிக்கவில்லை. நல்ல தாளும் நல்ல மையும் போதும். ஓலையைப் பதப்படுத்தத் தெரிந்த ஒருவர் அகப்பட்டால் மகிழ்ச்சி. ஒப்புநோக்க அச்சுப் பிரதி இருக்கிறது. கையெழுத்து அழகாகவுள்ள உயர்தர மாணவர்கள் கட்டைபறிச்சானிலும் சேனையூரிலும் சம்பூரிலும் இல்லையா? பங்கு போடுங்கள். ஒரு காதைக்கு ஒரு குடும்பம். முடியாதவருக்கு ஒரு வரி, அதுவும் முடியாதவருக்கு ஓர் எழுத்து. கடைசிப் பாட்டை மட்டும் எழுதாமல் விட்டுவைத்து, சடங்கு நாளன்று ஊரார் ஒவ்வொருவர் கையாலும் ஓரெழுத்து எழுதுவியுங்கள். ஏடு தொடத் தகுதி யாருக்கு என்ற பழைய பேச்சை அன்றைக்காவது வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.

"அந்தக் காசை ஏழைப்பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கலாமே" என்றார் மூன்றாமவர். மாபிளுக்குக் கையுயர்த்தி ஆதரவு தெரிவித்தவர் இவர்தான். வளைவுக்கும் வாணவேடிக்கைக்கும் நினைவுக்கு வராத ஏழைப்பிள்ளை, ஏடு என்றவுடன் ஓடிவந்து குறுக்கே நிற்கிறான். அவனுக்கும் கொடுங்கள். வேடிக்கையை ஒரு வருடம் நிறுத்தினால் இரண்டுக்கும் மிஞ்சும்.

எனக்கு வலிப்பது இதுதான். 2006-இல் ஷெல் விழ விழ ஓடியபோது, ஒரு மனிதன் தன் வீட்டுப் பொருள்களை விட்டுவிட்டு அம்மனின் ஏட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். அடுத்த வருடம் திரும்பி வந்தோம். சம்பூரார் அதற்குப் பின்னும் கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் வருடக்கணக்காகக் காத்திருந்து, 2015-இலும் 2016-இலும்தான் தம் நிலத்தைக் கண்டார்கள். திரும்பிய ஒவ்வொரு ஊரும் முதலில் கோயிலைக் கட்டியது. சரிதான், நானும் வடம் பிடித்தேன். ஆனால் அந்த மனிதனிடம் போய், "ஐயா, ஏடு என்னாயிற்று?" என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். நான்தான் முதலாவது ஆள் என்று அவர் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருக்கவில்லை. நானும் அந்த வீதியால் எத்தனையோ தரம் போய் வந்தவன்தானே.

கூட்டம் முடிந்தபின் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். பேத்தியார் தேநீர் கொண்டுவந்தார். பெரியவருக்கு வழக்குரையில் சில பகுதிகள் மனப்பாடம். பாடச் சொன்னேன். பாடினார். பேத்தியாரின் கொப்பியொன்றில் எழுதிக்கொண்டு போனேன். நினைவிலிருந்து எழுதலாகாது என்ற சோஃபேரின் விதி ஞாபகத்துக்கு வந்தது. என்ன செய்வது, அன்றைக்கு எங்களிடம் வேறு மூலம் இருக்கவில்லை. இரண்டு இடங்களில் அவருக்குச் சொல் மறந்துபோயிற்று. "விட்டு எழுது தம்பி, பிறகு வரும்" என்றார். இடம் விட்டு எழுதினேன்.

அடுத்த ஞாயிறு கந்தையா அவர்களின் பதிப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் போகிறேன். பொருளாளரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் வரிக்கான பங்கு என்னுடையது. ரசீதில் பெயர் எழுதவேண்டாமென்று சொல்லிவிட்டேன்.