புத்தகப்பை கொடுக்க முகம் எதற்கு?

போன பிப்ரவரியில் உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. வெளியூர்க்காரர்கள் பை, நோட்டு கொடுக்க வந்தார்கள். போட்டோகிராபர் வர லேட்டானதால் பிள்ளைகள் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றார்கள். வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "இருளர் பசங்க யாரு? அவங்கள முன்னாடி நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். காலனிப் பிள்ளைகள் இரண்டாம் வரிசை. ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் ஓரத்தில். ஊர்த்தெருப் பிள்ளைகளை யாரும் கூப்பிடவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வகுப்பு பத்தே நிமிஷத்தில் சாதிவாரியாகப் பிரிந்து நின்றது. பிரித்தது கேமரா.

படம் அன்று சாயங்காலமே 'ஏழை இருளர் குழந்தைகள்' என்ற வாசகத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றியது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "அக்கா, அந்த போட்டோவ காட்டி 'எலி புடிக்கிறவ'ன்னு கூப்பிடுறாங்க."

பள்ளிகளில் சாதி பற்றி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்த நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இருக்கவே கூடாது என்கிறது. கையில் வண்ணக் கயிறு கூடாது என்கிறது. ஆனால் முகத்தோடு சாதியைச் சேர்த்து ஊருக்கே அனுப்புவது மட்டும் சேவையாம்!

"டோனருக்கு ஆதாரம் வேணுமே" என்பார்கள். பில் இருக்கிறது, தலைமை ஆசிரியர் கையெழுத்து இருக்கிறது. பைகளைப் படம் எடுங்களேன், பைக்கு வெட்கம் கிடையாது.

"பெற்றோரிடம் கேட்டோம்" என்பார்கள். அரிசி ஆலையில் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கும் அம்மா, பேண்ட் சட்டை போட்டு வந்தவரிடம் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவாரா? மறுக்க முடியாதவர் தலையாட்டினால் அதற்குப் பெயர் சம்மதமா?

உத்திரமேரூர் என்றாலே குடவோலைப் பெருமை பேசுவோம். சொந்த நிலம் இருந்தவன் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போனது. ஓலையை எடுத்தது உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன். கீழே என்ன எழுதப்போகிறார்கள் என்று தெரியாமல்தான் நம் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

தோழர்களே, நாமும் யோக்கியமில்லை. எம்.ஏ. சமூகவியல் ஆய்வேட்டின் அட்டையில் நானே ஒரு சூளைக் குழந்தையின் முகத்தைப் போட்டவள். அதன் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை. கொத்தடிமை மீட்பு நடந்த அன்றே குழந்தைகளை வரிசையாக நிறுத்தி ஃபேஸ்புக்கில் போடுகிற நம் ஆட்களை எனக்குத் தெரியும். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தில் போட்டோம் என்பதற்கெல்லாம் அதில் விலக்கில்லை. பழைய பதிவுகளை இன்றைக்கே போய் அழியுங்கள்.

அடுத்த மாதம் அதே பள்ளியில் கண் பரிசோதனை முகாம். முகம் தெரிய ஒரு படமும் எடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் வருவேன் என்று ஏற்பாட்டாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.